நடக்க ஆசைப்படுத ஊருக்குத் தலையாரி சொல்லுத யோசனை

ஏலே பேராண்டி, நாளைக்கு இந்த வர்ஜீனியா டைசன்ஸ் ஊர்க் கூட்டத்துல நீயும் எந்திரிச்சுப் பேசப் போறியாமே. காருக்குன்னு கட்டின ஊரை நடக்கிற ஊரா மாத்தணும்னு நீ எழுதி வச்சிருக்க காயிதத்தை நானும் எழுத்துக்கூட்டிப் பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நடக்கிற ஊருன்னா என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியா? நான் அப்படி ஒரு ஊர்ல தலையாரியா இருந்தவன். அதுல உள்ள கஷ்டத்தை எவனாவது உனக்குச் சொல்லணும்லா?

கார்ல போறவன் சுகத்தை நெனைச்சுப் பாரு. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டா, கடன் குடுத்தவன் பக்கத்து லேன்லயே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நடக்கிற ஊர்ல அவன் எதுக்க வருவான். வந்தா விடமாட்டான், வீடு வரைக்கும் கூடவே நடப்பான். எதுத்த வீட்டு அத்தைக்காரி உன் பையை எட்டிப் பாத்து, "இன்னைக்கும் கத்திரிக்காதானா?"ன்னு கேப்பா. எவன் மவன் எவகூட நின்னு காப்பி குடிச்சான்கிற சேதி, அவன் வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே அடுப்பங்கரைக்கு வந்துரும். இந்தப் பிடுங்கலே வேண்டாம்னுதான் வர்ஜீனியாக்காரன் ஊரையே ஒருத்தனுக்கொருத்தன் எட்டாத தூரத்துல பிரிச்சுப் போட்டானோ என்னமோ.

ஆதியில இந்த டைசன்ஸ் வெறும் சந்தி. மேரிலாந்துல இருந்து வந்த வில்லியம் டைசன்னு ஒருத்தரு 1850கள்ல இங்கன நிலம் வாங்கினாரு, தபால் ஆபீசையும் பாத்துக்கிட்டாரு. அப்பம் அந்தத் தபால் ஆபீசுக்குப் பேரு பீச் குரோவ். பெறவு நூறு வருஷத்துக்கும் மேல அது பாட்டுக்குக் கிடந்துது. 1964ல வாஷிங்டனைச் சுத்தி வளையச் சாலை போட்டு முடிச்சாவ, 1968ல மால் வந்துது, 1988ல இன்னொரு மால். அதுக்கு ஊடால ஆபீசு மேல ஆபீசு. ஜோயல் கரோன்னு ஒரு பத்திரிகைக்காரர் 1991ல இந்த மாதிரி விளிம்பு நகரங்களைப் பத்திப் பொஸ்தகமே எழுதினாரு. அதுல டைசன்ஸுக்குத் தனி மரியாதை.

கார் நிறுத்த மட்டும் 1,67,000 இடம்னு நீதானல சொன்ன? 2010 கணக்கெடுப்புல இங்கன குடியிருந்த சனம் 20,000கூட இல்லியாம். தலைக்கு எட்டு இடம்! தொட்டில்ல கிடக்க பிள்ளைக்கும் எட்டு. பகல்ல வேலைக்கு வார லட்சம் பேருக்காகத்தான் வச்சிருக்காவன்னு சொல்லுவ, சரி. ராத்திரி அவுக போன பெறவு அந்த இடத்துக்கு என்ன சோலி? மேய்ச்சல் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு எல்லாத்துக்கும் நான் சங்கிலி பிடிச்சிருக்கேன். கார்ப் புறம்போக்கை இங்கனதான் பாக்கேன்.

இப்பம் அவுகளுக்கே புத்தி வந்துட்டு. இந்த ஊரை ஆளுத ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்காரவ 2010ல திட்டம் போட்டாவ: 2050க்குள்ள குடியிருக்கவன் ஒரு லட்சம், வேலை ரெண்டு லட்சம், வார வளர்ச்சியில 75 சதவீதம் ரயில் ஸ்டேஷனுக்கு அரை மைலுக்குள்ள. 2014 ஜூலையில ரயிலும் வந்துட்டு. டைசன்ஸுக்குள்ள மட்டும் நாலு ஸ்டேஷன். அந்த ரயில் பாதையோட முதல் கட்டத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 290 கோடி டாலராம். ஏலே, கடைக்கு நடந்து போயிட்டு வாரதுக்கு இம்புட்டுச் செலவழிக்கிற சனத்தை நான் பாத்ததே இல்ல. நம்மூர்ல செருப்பு மட்டும்தான் செலவு.

காசு போனாப் போகுது. ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவமா, தூணு நட்டு உசரத்துல விடுவமான்னு வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு, கடைசியில செலவைப் பாத்துப் பயந்து தூணு நட்டாவ. அதுவும் எங்கன? கிரீன்ஸ்போரோ ஸ்டேஷன் பக்கம் ஏழாம் நம்பர் சாலைக்கு நட்ட நடுவுல. அப்பம் ரயிலை விட்டு இறங்கினவன் கடைக்குப் போகணும்னா பாலத்து வழியா சாலையைத் தாண்டணும், பெறவு கீழ இறங்கணும். நடக்கிறவன் வானத்துல போறான், கார் பூமியில போகுது. யாருக்காக ஊரைத் திருத்துதாவன்னு எனக்கு ஒரு சின்ன சந்தேகம். கேட்டா நீ கோவிச்சுக்கிடுவ. பாலம் இல்லாத இடத்துல, சிக்னல் எண்ணிக்கிட்டு வருது பாரு, அது சீரோவுக்கு வாரப்ப நான் நடுத்திட்டுலதான் நிப்பேன். ரெண்டு பக்கமும் அத்தனை லேன். நாளைக்குப் பேசும்போது கோபுரம் எத்தனை மாடின்னு கேக்காத. எழுவது வயசுக்காரன் ஒரே மூச்சுல தாண்டுத மாதிரி சாலையை எப்பம் ஒடுக்குவியன்னு கேளு. அதுக்குப் பதில் சொல்ல ஆளைத் தேடுவாவ, அதையும் வேடிக்கை பாக்கலாம்.

கேப்பிட்டல் ஒன் பேங்க்காரன் வளாகத்துல ஒரு பூங்கா இருக்குன்னு கூட்டிட்டுப் போனியே, பதினோராவது மாடியில. குறை சொல்லக் கூடாது, புல்லு இருக்கு, பீர் கடை இருக்கு, காத்து அருமை. கீழ பலசரக்குக் கடை, நடுவுல நாடகக் கொட்டகை, உச்சியில தோட்டம்! ஒரே கட்டடத்துல ஊரையே அடுக்கிட்டான். ஆனா சும்மா தெருவுல போறவன் எப்படில தற்செயலாப் பதினோராவது மாடிக்கு வருவான்? லிஃப்ட்ல ஏறி வந்து, "இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்"னு சொன்னா எவன் நம்புவான்?

போரோன்னு புதுசாக் கட்டியிருக்க பக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு, ஒளிக்காமச் சொல்லுதேன். வீட்டுக்கு அடியிலயே கடை, வாசல்ல மரம், பிள்ளைய ஓடுதுக. கட்டி முடிச்ச துண்டு நல்லாத்தான் இருக்கு. கோளாறு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல. கட்டங்கட்டமாச் சின்னத் தெருக்கள் போடணும்னு திட்டத்துல இருக்கு. ஆனா போடுதது யாரு? நிலத்துக்காரன் பழைய ஆபீசை இடிச்சுப் புதுசா எழுப்புதப்ப, தன் எல்லைக்குள்ள உள்ள துண்டுத் தெருவை அவன் போட்டுக் குடுக்கணும். அடுத்த நிலத்துக்காரன் இடிக்க மனசு வைக்கிற வரைக்கும் தெரு வேலியில முட்டிக்கிட்டு நிக்கும். இது எனக்குப் பழகின வியாதிதான். நம்மூர்ல வண்டிப்பாதைன்னு வரைபடத்துல கோடு இருக்கும். மேலத்தோட்டம், கீழத்தோட்டம் ரெண்டும் விட்டுக் குடுத்திருக்கும். நடுத்தோட்டத்துக்காரன் மட்டும் வரப்புல உக்காந்துக்கிட்டு, "எங்கப்பா சொல்லலியே"ம்பான். சட்டத்தை நீட்டினாச் சிரிப்பான். அவன் மவளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவ கார்ல வரணும்னு ஆன அன்னைக்குத்தான் பாதை தன்னால தொறந்துது. அதனால நடு நிலத்துக்காரன் யாருன்னு கண்டுபிடி. அவன்கிட்ட ஊரு நன்மையைப் பேசிராத. அந்தத் தெரு வந்தா அவன் கட்டடத்துக்கு ரெண்டு முகம் கிடைக்கும், வாடகை ஏறும்னு பக்குவமாச் சொல்லு.

புகார் யார்கிட்ட சொல்லுததுன்னு கேட்டேன், இந்த ஊருக்கு மேயரே கிடையாது, எல்லாம் கவுண்டி போர்டுதான்னு சொன்ன. ஒரு லட்சம் பேருக்கு வீடு கட்டப் போறாவ, திட்டுததுக்கு உள்ளூர்ல ஒரு ஆளை வைக்கலியே!

இன்னொண்ணு. 2020 கணக்குல சனத்தொகை 26,000 சொச்சம். பத்து வருஷத்துல ஆறாயிரத்துச் சொச்சம் கூடியிருக்கு. இதே நடையில போனா 2050ல அரை லட்சத்தைத் தொடுததே பெரும்பாடு. வாடகையைக் குறைச்சா சனம் வரும்னு நான் சொன்னா கட்டடம் கட்டுத கம்பெனிக்காரன் சிரிப்பான். புதுசாக் கட்டுத வீடுகள்ல நூத்துக்கு 20, சம்பளம் கம்மியா உள்ளவனுக்குக் கட்டுபடியாகணும்னு 2010 திட்டத்துல எழுதியிருந்தாவளாம்லா. அந்த 20ஐக் கெட்டியாப் பிடிச்சுக்க. ராத்திரி உங்க ஆபீசைக் கூட்டிப் பெருக்குத அம்மா ரெண்டு பஸ் மாறி வந்துக்கிட்டிருந்தா, நடக்கிற ஊருன்னு போர்டு மாட்டி என்ன செய்ய?

சனத்தொகை கூடுததுக்கு இன்னொரு வழியும் இருக்கு. முப்பது தாண்டியும் ஒத்தையில திரியுத பயலுவ, ஆபீசுக்கும் கார்ல, சாப்பாட்டுக்கும் கார்ல, உடம்பைக் குறைக்க ஓடுத மெஷினுக்கும் கார்லயே போனா எவ கண்ணுலல படுவான்? நான் உன்னைச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன். உங்க ஆத்தாவும் பொதுவாத்தான் கேட்டா, போன்ல.

சரி, பேசி முடிச்சிட்டு வாரப்ப ஒரு வேலை செய். கிரீன்ஸ்போரோ ஸ்டேஷன் பாலம் இறங்குத இடத்துல, நிழல் விழுத பக்கமாப் பாத்து, பத்துக்குப் பத்து இடம் என்ன வாடகைன்னு விசாரி. ஒரு டீக்கடை, ரெண்டு பெஞ்சு, ஒரு தமிழ்ப் பேப்பர். உங்க திட்டத்துல இதுக்கு என்ன பேருன்னு நீயே எழுதிக்க. டூரிஸ்ட் விசாவுல வந்தவன் கடை போடக்கூடாதுன்னு சட்டம் பேசாத. கடையை எவனோ போடட்டும். நான் பெஞ்சுல உக்காந்து போறவன் வாரவனுக்கு யோசனை மட்டும் சொல்லுதேன். அதுக்கு விசா கேக்க மாட்டான்லா?