சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பற்றி எழுதுவது குறைவு. தரையில் விழும் சொட்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வண்டிக்காரருக்கு கியர்பாக்ஸ் கவலை, வீட்டிலிருப்பவர்களுக்கு டைல்ஸ் கவலை. இந்த இதழில் முழுக்க ஒழுகல் கேள்விகளே.

கே: காருக்கு அடியில் தினம் ஒரு கறை. மெக்கானிக் கியர் ஆயில் என்கிறார். பெட்ரோல் பங்க்கில் இன்ஜின் ஆயில் என்கிறார்கள். மச்சான் ஏசி தண்ணீர் என்கிறார். யாரை நம்புவது? — மாருதி 800 வாசகர், திண்டுக்கல்

ப: மச்சானை முதலில் கழித்துவிடலாம். ஏசி தண்ணீர் காய்ந்தால் சுவடே இருக்காது. மற்ற இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒரு வெள்ளை அட்டை போதும். இரவு வண்டிக்கு அடியில் விரித்து, முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் நிறம், இடம் இரண்டும் பதிவாகியிருக்கும்.

இன்ஜின் ஆயில் கரி கலந்து கறுத்திருக்கும். கை கியர் வண்டியின் கியர் ஆயில் தேன் நிறம்; மோந்து பார்த்தால் கந்தக நெடி அடிக்கும். பற்களுக்கு நடுவே நசுங்கும்போது ஆயில் படலம் அறுந்துவிடக் கூடாதென்று கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலப்பதால் வரும் நெடி அது. ஆட்டோமேட்டிக் வண்டியின் ஆயில் சிவப்பு. அந்தச் சிவப்பால் கியருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒழுகினால் அடையாளம் தெரியட்டும் என்றுதான் சாயம் சேர்க்கிறார்கள். பல கார்களில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே ஆயில்தான். சில கூலன்டும் சிவப்புதான். எனவே சிவப்பைக் கண்டதும் கியர்பாக்ஸைக் கழற்ற ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

கே: கியர்பாக்ஸ் முன் சீலை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. பெல் ஹவுசிங்குக்குக் கீழே சொட்டுவது நிற்கவில்லை. கியர்பாக்ஸையே மாற்றிவிடலாமா? — பழைய அம்பாசிடர், காரைக்குடி

ப: பொறுங்கள். கியர்பாக்ஸ் நிரபராதியாக இருக்கலாம்.

அம்பாசிடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அங்கிருந்து வந்த பி.எம்.சி. வடிவமைப்புதான். அந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், இன்று எல்லா வண்டியிலும் இருக்கிற ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக ஷாஃப்ட்டிலேயே மரை வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளும். கெட்டிக்கார ஏற்பாடுதான், இன்ஜின் ஓடுகிறவரை. நிறுத்தியதும் மரை சும்மா நிற்கும். மூக்கைத் தூக்கி மேட்டில் நிறுத்தினால் ஆயில் பின்பக்கம் வழிந்து, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பெல் ஹவுசிங்குக்குள் இறங்கி, அடியிலுள்ள துளை வழியே தரைக்கு வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்தோ பிரீதர் (இன்ஜினின் காற்றுத்துளை) அடைத்தோ இருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். ஓடும்போதுகூட மரையால் தாக்குப்பிடிக்க முடியாது.

கியர்பாக்ஸின் முன்பக்கம் ஒழுகினாலும் அதே பெல் ஹவுசிங், அதே துளை. ஆக, குற்றவாளிகள் இருவர், வாசல் ஒன்று. மூன்று சீலை மாற்றிய உங்கள் மெக்கானிக் ஒரே ஆளைத்தான் மூன்று தடவை கைது செய்திருக்கிறார். இரண்டு ஆயிலின் அளவையும் குறித்துவைத்துச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். எது குறைகிறதோ அதுதான் ஒழுகுகிறது. இன்ஜின் ஆயில்தான் என்றால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. பின்னாளில் வந்த இசுசு இன்ஜின் வண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது.

உண்மையிலேயே கியர் ஆயில்தான் குறைகிறது என்றால் கேள்வி வேறு: புதுச் சீல் ஏன் நிற்கவில்லை? பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் உரசிய இடத்தில் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அல்லது பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்து ஷாஃப்ட் ஆடும். ஆடுகிற ஷாஃப்ட்டில் எந்த ஊர்ச் சீலும் நிற்காது. சீலை மாற்றுமுன் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பார்க்காத மெக்கானிக்கிடம் நான்காவது தடவை போக வேண்டாம்.

கே: கீழே ஊர்ந்து பார்த்தால் கியர்பாக்ஸ் முழுவதுமே எண்ணெய்ப் பிசுக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. — ஜீப் வாசகர், போடிநாயக்கனூர்

ப: ஓட்டு வீட்டில் ஓடு உடைந்திருப்பது ஓரிடம், பாயில் சொட்டுவது வேறிடம். இங்கேயும் அதேதான். ஆயில் கீழே இறங்கும். வண்டி ஓடினால் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும் தேட வேண்டும்.

அதற்கு முன் வாட்டர் சர்வீஸ். பிசுக்கு ஒரு துளி இல்லாமல் போக வேண்டும், காய வேண்டும். பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடியுங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். இன்னும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. புற ஊதா விளக்கில் பச்சையாகப் பளிச்சிடும். பெரும்பாலும் பவுடரே போதும்.

ஜீப்பில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: கியர்பாக்ஸின் காற்றுத்துளை. சேறு அடைத்துக்கொண்டால், சூடேறும்போது உள்ளே விரியும் காற்றுக்குப் போக்கிடம் இருக்காது. நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். ஒரு கம்பித்துண்டால் தீரக்கூடிய நோய்க்குக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு.

கே: ஆட்டோமேட்டிக் டொயோட்டா. தினமும் ஓட்டினால் ஒரு சொட்டு இல்லை. இரண்டு வாரம் கொழும்புக்குப் போய்விட்டு வந்தால் சிவப்புக் குட்டை. வண்டிக்குக் கோபமா? — யாழ்ப்பாணம்

ப: கோபமில்லை, புவியீர்ப்பு. ஓடும்போது ஆயிலில் கணிசமான பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறைந்திருக்கும். பழைய வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் அது மெல்ல மெல்ல அடியிலுள்ள பானுக்கு இறங்கும். பானில் மட்டம் உயரும். வழக்கமாக ஆயில் மட்டத்துக்கு மேலே நிம்மதியாக இருக்கும் கியர் செலக்டர் ஷாஃப்ட்டின் சீல், டிப்ஸ்டிக் குழாயின் ஓரிங் போன்றவை முழுகிப்போகும். அவை காய்ந்து வெடித்திருந்தால் அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

நல்ல செய்தி: இவை பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்றக்கூடியவை. பான் கேஸ்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியிருந்தால் தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே எழும்பிவிடும். அதன்பின் இறுக்க இறுக்க ஒழுகும். பானைக் கழற்றி விளிம்பைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் புதுக் கேஸ்கெட் போட வேண்டும்.

கே: அளவு குறைவாக இருந்தது என்று அரை லிட்டர் ஊற்றினேன். அன்று முதல் ஒழுகுகிறது. — ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக், கோவை

ப: எப்போது அளந்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். பல ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ஹோண்டாவில் சூடாக்கி, நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். ஆறிய வண்டியில் பார்த்தால் கணக்குத் தப்பும். கூடுதல் ஆயிலைப் பல்சக்கரம் கடைந்து நுரையாக்கும். நுரை காற்றுத்துளை வழியே வெளியேறும். சரியான அளவுக்கு வடித்துவிட்டால் ஒழுகல் நின்றுவிடக்கூடும்.

கே: தரையில் சொட்டே இல்லை. ஆனாலும் கியர் ஆயில் மாயமாகிறது. ஆவி பிடித்ததா? — 1960களின் செவ்ரலே இம்பாலா, பவர்கிளைடு கியர், உதகமண்டலம்

ப: பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா? அப்படியானால் ஆவி புகைபோக்கி வழியே போகிறது.

உங்கள் கியர்பாக்ஸில் மாடுலேட்டர் என்று ஒரு சிறு டப்பா உண்டு. இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைக் கியருக்குச் சொல்வது அதன் வேலை. இன்ஜினின் உறிஞ்சு அழுத்தம் ஒரு குழாய் வழியே அதற்குப் போகும். நடுவே ரப்பர் திரை. திரை கிழிந்தால் இன்ஜின் அந்தக் குழாய் வழியே கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் தெரிந்தால் வழக்கு முடிந்தது.

அது காய்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள், ஆறிய பிறகு. ஆட்டோமேட்டிக் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அது ஓட்டையானால் தண்ணீரும் ஆயிலும் கலந்து ரோஸ் நிறப் பால் கிடைக்கும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு தண்ணீர் பட்டால் உரிந்துவிடும்.

கே: ஒழுகலை நிறுத்தும் மருந்து பாட்டிலில் கிடைக்கிறதே? — பலர்

ப: அது ரப்பரை ஊதவைக்கும். காய்ந்து சுருங்கிய சீல் என்றால் கொஞ்ச நாள் நிற்கலாம். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கோ கிழிந்த கேஸ்கெட்டுக்கோ பயனில்லை. பிரேக் ஆயிலைக் கலக்கச் சொல்லும் அன்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எல்லாச் சீலையும் கூழாக்கும். கியர் ஆயிலில் கண்டதைக் கலந்த வரலாறு நீண்டது என்பது உண்மைதான்: 1970களின் தொடக்கம்வரை அமெரிக்க ஆட்டோமேட்டிக் ஆயிலில் திமிங்கில எண்ணெய் சேர்த்திருந்தார்கள்.

கே: சோப்பு தேய்க்கலாமா? — அரியலூர்

ப: பெட்ரோல் டேங்க்கில் ஊசித்துளை விழுந்தால் ஊர் போய்ச் சேரும்வரை தேய்க்கலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது. சூடான கியர்பாக்ஸில் தேய்த்தால் உங்கள் கைதான் சுத்தமாகும்.

கே: புல்லட் ஒழுகவில்லை என்றால் ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாமே? — வார்ப்பிரும்பு புல்லட், திருவொற்றியூர்

ப: 1955 முதல் புல்லட் தொடர்புள்ள ஊரிலிருந்து வரும் கேள்வியா இது! பழைய நான்கு கியர் புல்லட்டில் கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. இடப்பக்கம் கிளட்ச்சும் பிரைமரி செயினும் இன்னொரு பெட்டி. எந்தப் பெட்டி ஒழுகுகிறது என்பதே முதல் கேள்வி. பிரைமரி மூடியைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு, விளிம்பில் ரப்பர். நட்டை வெறியோடு முறுக்கினால் மூடி வளையும், விளிம்பு ஒழுகும். கியர்பாக்ஸ் ஆயிலோ, உள்ளீடற்ற மெயின் ஷாஃப்ட்டுக்குள் கிளட்ச் தள்ளுகம்பியை ஒட்டி நகர்ந்து வரும், அல்லது செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்து கசியும். ஸ்ப்ராக்கெட்டில் பட்டதை செயின் பின்சக்கரம்வரை வாரியிறைக்கும். செயினுக்கு அடித்த ஆயிலும் அதே இடத்தில்தான் தெறிக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

கே: இவ்வளவும் படித்தாகிவிட்டது. ஒழுகுகிற வண்டியை ஓட்டலாமா, கூடாதா? — விருதுநகர்

ப: வாரத்துக்குச் சில சொட்டு, அளவு பார்த்து ஊற்றிக்கொள்கிறீர்கள் என்றால் தாராளமாக ஓட்டலாம். ஆனால் கியர் போட்டும் வண்டி நகரத் தயங்கினால், கிளட்ச் வழுக்கினால், சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டுப் புகைந்தால், பைக்கின் பின் டயர் நனைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.