பட்டுவேட்டி பலமாத்தான் இருக்கு, பேராண்டி!

வாலே பேராண்டி, உக்காரு. எலும்புக்குள்ள வைக்கிற உலோகத்துக்குப் பூச்சு அடிக்கிற கம்பெனியில உனக்கு வேலைன்னு உங்கம்மா தெரு முழுக்க மிட்டாய் குடுத்துட்டா. சந்தோசம். நோட்டீஸ் ஒண்ணு எழுதுதியாமே? "கனமான பூச்சு, ஆயுசுக்கும் உத்தரவாதம்"னு நீ போன்ல வாசிச்சது திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. பரீட்சைக்கு நீ உரக்கப் படிச்ச காலத்துலயும் நான் இதே திண்ணையிலதான் கிடந்தேன். படிச்சவனுக்கு மறந்துபோச்சு, கேட்டவனுக்கு ஞாபகம் இருக்கு. சொல்லுதேன், கேளு.

டைட்டானியம் லேசு, பலம், துரு ஏறாது. ஆனாலும் எலும்புக்கு அது வீட்டோட மாப்பிள்ளைதாம்லே. விரட்டவும் விரட்டாது, வந்த அன்னிக்கே உறவு கொண்டாடவும் செய்யாது. அதான் எலும்புல பாதிக்கு மேல இருக்கிற அதே கால்சியம் பாஸ்பேட் சரக்கை, ஹைட்ராக்ஸி அபடைட்டுன்னு வாய் நிறையச் சொல்லுவியே, அதையே மேல பூசி அனுப்புதாங்க. எலும்பும் "அட, நம்ம சொந்தக்காரப் பய"ன்னு சீக்கிரமா வந்து ஒட்டிக்கிடும். 1985-ல லண்டன்ல ஃபர்லாங்னு ஒரு டாக்டர் இப்படிப் பூசின செயற்கை மூட்டுத் தண்டை இடுப்புல வச்சாரு. அக்ரிலிக் சிமெண்ட்டைக் குழைச்சு ஒட்ட வச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

பூசுற வேலை லேசுப்பட்டதா? முதல்ல பொடியை வேகமா வீசியடிச்சு உலோகத்தைச் சொரசொரப்பாக்கணும். வழவழப்புல பூச்சு நிக்காது. அப்புறம் 10,000 டிகிரியைத் தாண்டுற பிளாஸ்மா சுவாலைக்குள்ள அபடைட் தூளை ஊதுதீங்க. கண் இமைக்குமுன்ன அது உருகி, உலோகத்துல மோதிச் சப்பையா ஒட்டுது. அந்தச் சூட்டுல தூள்ல ஒரு பங்கு படிகம் குலைஞ்சு போகும். அப்படிக் குலைஞ்சது உடம்புக்குள்ள சீக்கிரம் கரையும். குலைஞ்சது அளவுக்கு மிஞ்சினா, எலும்பு வந்து சேருமுன்னயே பூச்சு காலி.

இப்ப உன் "கனமான பூச்சு"க்கு வருவோம். வழக்கமாப் பூசுறது 50-லிருந்து 200 மைக்ரான். உன் தலைமுடியே, மிச்சம் இருக்கிறதைத்தான் சொல்லுதேன், 70 மைக்ரான் சொச்சம் வரும். கனத்தைக் கூட்டினா பலம் கூடும்னு நீ நினைக்கே. பூச்சுக்குள்ள இறுக்கம் கூடி வெடிக்கும்லே, உரியும். உரிஞ்ச துணுக்கு மூட்டுப் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல சிக்கினா, கிண்ணத்தை அரைச்சுத் தள்ளிரும்.

இன்னொண்ணு. எலும்பைக் குடைஞ்ச குழியில தண்டு மொதல் நாளே இறுக்கமா உக்காரணும். 150 மைக்ரானுக்கு மேல ஆட்டம் கண்டுச்சுன்னா எலும்பு வந்து பிடிக்காது, நடுவுல நார்த்திசுதான் வளரும். எந்தப் பூச்சும் அதைக் காப்பாத்தாது. ஸ்வீடன்காரங்க இடுப்பு மூட்டு வச்ச ஆளுகளுக்கெல்லாம் பதிவேடு வச்சிருக்காங்க. 2011-ல அதைப் புரட்டி, ஒரு வகைத் தண்டுல பூச்சு உள்ளதையும் இல்லாததையும் தட்டுல வச்சு நிறுத்தாங்க. பூச்சு இருந்ததால தண்டு கூட நாள் உழைச்சதா தெரியல. மாப்பிள்ளை கட்டின பட்டுவேட்டி மொதல் விருந்துக்குத்தாம்லே. குடும்பம் நடத்துறது உள்ள இருக்கிற ஆளு.

அதனால நோட்டீஸ்ல "கனமான"ங்கிறதை அடிச்சிரு. "ஆயுசுக்கும்"ங்கிறதை ரெண்டு தடவை அடி. வருசம் போகப்போகக் கரைஞ்சு தேயுற பூச்சுக்கு ஆயுசு உத்தரவாதம் குடுத்த ஒரே ஆளு நீதாம்லே! அதுக்குப் பதிலா சொரசொரப்பு எவ்வளவு, படிகம் எத்தனை பங்கு, பிடிமானம் எவ்வளவுன்னு சோதிச்சுப் பாத்த கணக்கை எழுது. டாக்டருங்க அதைத்தான் படிப்பாங்க.

மேனேஜர் கேட்டா நீயே ராத்திரி பூரா முழிச்சு யோசிச்சதாச் சொல்லிக்கோ, நான் காட்டிக்குடுக்க மாட்டேன். சம்பளம் கூடினா மட்டும், மாசம் பொறந்ததும் வெத்தலை பாக்குக்கு ஒரு பங்கு இந்தத் திண்ணைக்கு வந்து சேந்துரணும்.