பைக்கேற்ற பிள்ளை

பெறுநர்: உயர்திரு தாளாளர் அவர்கள், எங்கள் ஊரின் புகழ்பெற்ற மெட்ரிக் பள்ளி.

பொருள்: மூன்றாம் வகுப்பு மாணவியின் உடல்நல அட்டைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளியில் நடந்த பரிசோதனை முகாமின் அட்டை கிடைத்தது. உயரம் 127 செ.மீ., எடை 36 கிலோ, பி.எம்.ஐ. 22.3. எதிரே பச்சை மையில் 'நார்மல்'. முதல் மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடும் என் மகளை ஒரே சொல்லில் குணப்படுத்திவிட்டீர்கள்.

குழந்தைகள் டாக்டர்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். 18.5 முதல் 25 வரை என்பது பெரியவர்கள் கணக்காம். பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணையாம். எட்டு வயதில் 16ஐ ஒட்டி இருப்பதே சராசரி, 22 என்றால் உடல் பருமன் என்கிறார். அந்தக் கணக்குப்படி பக்கத்து வீட்டுப் பையன் (அதே வகுப்பு, 126 செ.மீ., 25 கிலோ) சரியான எடையில் இருக்கிறான். உங்கள் அட்டையிலோ அவனுக்குச் சிவப்பு மையில் 'எடை குறைவு'. அன்றிலிருந்து அவன் பாட்டி சோற்றில் நெய்யைக் கொட்டுகிறார்.

கால அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருப்பதை மறுக்க முடியாது. ஒன்று போர்ஷன் முடிக்காத கணக்கு மிஸ்ஸுக்கு, இன்னொன்று அபாகஸுக்கு. மைதானத்தில் பாதி, 'நீட் பவுண்டேஷன்' கட்டடம். மீதியில் வேன்கள் நிற்கின்றன. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளியிலும் ஓடவிடுகிறார்கள், வீட்டுப்பாடம் எழுதாதவர்களைக் கொடிக்கம்பத்தைச் சுற்றி. என் மகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவள் முதல் ரேங்க்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. நம் கேன்டீனில் பப்ஸ் சூடாகக் கிடைக்கிறது.

இதையெல்லாம் அலட்சியம் என்று நினைத்திருந்தேன். புத்தகப்பையை எடை போட்ட பிறகுதான் உங்கள் தொலைநோக்கு பிடிபட்டது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை. மகளின் பை ஐந்தரைக் கிலோ. பையைக் குறைப்பதென்றால் நீங்களே விற்ற ஒர்க்புக்கில் கை வைக்க வேண்டும். பிள்ளையை 55 கிலோ ஆக்கிவிட்டாலோ விதியும் நிறைவேறும், விற்பனையும் குறையாது. 36 ஏற்கெனவே வந்துவிட்டது. மிச்சம் 19ஐ ஐந்தாம் வகுப்புக்குள் கேன்டீன் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த முகாமில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் பையும் அதே ஐந்தரைதான். சேர்த்துப் போட்டால் பி.எம்.ஐ. 19.2 வருகிறது. அவனுக்கும் பச்சை மை கிடைக்கும், பாட்டிக்கு நெய்ச் செலவும் மிச்சம்.

இப்படிக்கு,
விளையாட்டுக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டிவரும் ஒரு பெற்றோர்