வாட்டோபியாவாசி

இப்போது அடுக்குமாடிக்கு ஒருவராவது இருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு மேல்வீட்டிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் நம் கட்டில் வரைக்கும் இறங்கி வரும். இந்த நேரத்தில் யார் மாவு அரைக்கிறார்கள் என்று புரண்டு படுப்போம். மாவு இல்லை. ஐயா மலை ஏறிக்கொண்டிருக்கிறார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாட்டோபியாவாசி. கலிபோர்னியாவில் 2014-இல் தொடங்கிய 'ஸ்விஃப்ட்' என்ற செயலிக்குள் இருக்கும் கற்பனைத் தீவுதான் வாட்டோபியா. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 'டிரெய்னர்' எனப்படும் கனத்த யந்திரத்தில் மாட்ட வேண்டும். திரையில் மேடு வந்தால் மிதி கனக்கும், பள்ளம் வந்தால் இலேசாகும். அங்கே எரிமலைக்குள் சாலை போகும், கடலுக்கடியிலும் போகும். வேகத்தடை கிடையாது, தண்ணீர் லாரி கிடையாது, மாடு கிடையாது. இந்தத் தீவை உலகப்படத்தில் சாலமன் தீவுகள் பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியைத் திறந்தால், வேளச்சேரியில் துண்டைப் பிழிந்துகொண்டிருக்கும் மனிதர் பசிபிக் பெருங்கடலில் இருப்பதாகக் காட்டும்.

"சௌக்கியமா சார்?" என்று லிஃப்ட்டில் கேட்டுப்பாருங்கள். "எஃப்டிபி ஏழு வாட் ஏறியிருக்கு" என்பார். ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய சக்தியின் அளவு அது. ஒரு மணி நேரம் உயிரை விட யாருக்கும் மனசு வராததால், இருபது நிமிடம் மிதித்து அதில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த வாட்டை உடல் எடையால் வகுத்தால் வருவதுதான் இவர்களிடையே குலம், கோத்திரம், அந்தஸ்து எல்லாம். இங்கேதான் ஒரு சூட்சுமம். தொகுதியை ஏற்றுவதற்குக் கால் வேண்டும். பகுதியைக் குறைப்பதற்குக் கட்டைவிரல் போதும். டாக்டர் வீட்டுத் தராசில் 81 கிலோ இருப்பவர் செயலிக்குள் 74 கிலோ. எடை குறைந்தால் திரையில் மலை சீக்கிரம் ஏறும். பேலியோவும் பட்டினியும் செய்யாததை இந்த ஒரு தட்டல் செய்துவிடுகிறது.

வீட்டிலிருப்பவர்கள் பாடுதான் பாவம்.

"ஏங்க, குக்கர் மூணு விசில் வந்தாச்சு. கொஞ்சம் இறங்கி அடுப்பை அணைங்க, நான் குளிச்சிட்டிருக்கேன்."

"இறங்க முடியாது. கும்பலோட போறேன், விட்டா போச்சு."

"எந்தக் கும்பல்? வீட்டுல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல மூச்சு இருக்காது. பிரான்சின் புகழ்பெற்ற ஆல்ப் துவெஸ் மலைச்சாலையை அப்படியே நகலெடுத்து 'ஆல்ப் டு ஸ்விஃப்ட்' என்று வைத்திருக்கிறார்கள். 21 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட்டால் ஜன்ம சாபல்யம். உச்சியில் ஒரு பரிசுச் சக்கரம் சுற்றும். கையுறை விழும், அதுவும் திரையில் மாட்டிக்கொள்ளத்தான். நம்மவர் பதினெட்டாவது வளைவில் திரும்பும்போது கரண்ட் போகும். அன்று மின்வாரியத்தைப் பற்றி அவர் பேசியதை அச்சேற்ற முடியாது.

"வீட்டுக்குள்ளேயே மிதிச்சா ரோட்டுக்கு உதவுமா சார்?" என்று தப்பித் தவறிக் கேட்டுவிடாதீர்கள். மேத்யூ ஹேமன் கதை வரும். ஆஸ்திரேலியர். 2016 பிப்ரவரி கடைசியில் பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டவர், கட்டோடு வீட்டுக்குள்ளேயே ஸ்விஃப்ட்டில் மிதித்து, ஏப்ரலில் கல் பாவிய பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். முழுக்க உண்மை. ஹேமனுக்கு அது பதினைந்தாவது ரூபே என்பதையும், அவர் பல ஆண்டு அனுபவமுள்ள தொழில்முறை வீரர் என்பதையும் மட்டும் நம்மவர் சொல்லமாட்டார்.

இதற்கு நேர் எதிர்ச்சாதி ரான்டனர். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் கலந்துகொள்பவர். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம் என்று கெடு. அதற்குள் வந்தால் போதும், முதலிடம் கடைசியிடம் கிடையாது. வழியில் குறிப்பிட்ட இடத்தைக் கடந்ததற்குச் சாட்சியாக ஏடிஎம் ரசீதைக் காட்டச் சொல்வதும் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு மினுக்கும் ஜாக்கெட்டோடு ஏடிஎம்முக்குள் நுழைந்து, பணம் எடுக்காமல் இருப்பு மட்டும் பார்த்துவிட்டு வரும் மனிதரைக் கண்டு காவலாளி எழுந்து நிற்பார். பஸ் நிழற்குடையில் இருபது நிமிடம் தூங்கியதை மூன்று கல்யாண வீடுகளில் சொல்வார். 1200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதை நினைத்தபடி மற்ற ஆண்டுகளில் பொறுமையாகச் சட்னி தொட்டு இட்லி சாப்பிடுவார்.

போன டிசம்பரில் எங்கள் மேல்வீட்டுக்காரர் ஈசிஆரில் 200-க்குப் பெயர் கொடுத்துவிட்டார். கடப்பாக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளியது. மீட்டரில் வாட்டோபியா வேகம். 'இவ்வளவுதானா?' என்று நினைத்தாராம். திரும்பினால் அதே வாடை முகத்தில். செயலியில் செய்வதுபோல முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டார். அந்த முதுகு சொல்லாமல் கொள்ளாமல் பஜ்ஜிக் கடைக்குள் போய்விட்டது. வீட்டில் ஸ்டூலில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை இங்கே ஒரு கையால் எடுக்கப் போய், சாலையோர மணலுக்குள் இறங்கிவிட்டார். உட்கார்ந்த இடம் கொப்பளித்ததைப் பற்றி விரிவாக எழுதுவது பண்பாடல்ல. அன்றைய உச்சபட்ச வாட் கல்பாக்கம் தாண்டி ஒரு செவலை நாயால் கிடைத்தது. அவருடைய வாழ்நாள் சாதனையும் அதுதான்.

பதின்மூன்று மணி சொச்சத்தில் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க முதலில் கேட்டது: "நான் எத்தனாவது?"

"இதுல அதெல்லாம் இல்ல சார். வந்தா சரி" என்றார் அட்டையில் முத்திரை குத்தியவர். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நாலரைக்கு மறுபடியும் 'ங்ங்ங்'.

என்னைக் கேட்டால், இருவரில் உடம்புக்கு நல்லவர் யார் என்று டாக்டர்கள் தீர்மானிக்கட்டும். மேல்வீட்டுக்கு யாரைக் குடிவைக்கலாம் என்பதற்கு மட்டும் என் ஓட்டு ரான்டனருக்குத்தான். சனி, ஞாயிறு ஊரிலேயே இருக்கமாட்டார்.