தக்கை வாங்கப் போன கதை

மினியாபொலிஸ்,
மே மாதம், ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள மாமாவுக்கு,

கம்பைநல்லூரில் அத்தையும் பிள்ளைகளும் நலம்தானே? இருமத்தூர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, மணல்தான் ஓடுகிறதா?

"அமெரிக்கா போயும் தூண்டிலாடா?" என்று போனில் சிரித்தீர்களே, அதற்குப் பதில் போனில் சொல்லி மாளாது. எழுதித் தம்பியின் செல்லுக்கு அனுப்புகிறேன், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த மினசோட்டாவில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எந்த ஏரிக்கும் குத்தகைக்காரர் கிடையாது, கம்பை எடுத்துக்கொண்டு விரட்ட ஆளும் கிடையாது. அதற்குப் பதில் அதிகாரி படகில் வந்து மரியாதையாக லைசென்ஸ் கேட்பார். ஆளுக்கு ஒரே தூண்டில்தான். நீங்கள் கரையில் வரிசையாக நாலு குச்சியை ஊன்றிவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரிப்பீர்களே, அந்தக் கதையெல்லாம் இங்கே அபராதத்தில் முடியும். பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு உட்கார்ந்தால் மட்டும் இரண்டு தூண்டில் போடலாம். அந்தக் குளிரில் உட்காருகிறவனுக்கு அரசாங்கம் காட்டும் கருணை போலிருக்கிறது.

ஊரே கொண்டாடுகிற மீனுக்குப் பெயர் வால்ஐ. 1965-லிருந்து இந்த மாநிலத்தின் மீனே அதுதான். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதைப் பிடிக்க அனுமதி திறக்கும், நடுராத்திரிக்கே படகுகள் ஏரிக்குள் நிற்கும். கவர்னரும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். 1948-லிருந்து வருகிற வழக்கமாம். இங்கே கவர்னர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி, நிஜமாகவே வேலை இருக்கிற ஆள்.

மீன் பார்க்கப் பொன்னிறத்தில் பச்சை கலந்திருக்கும். வாலின் கீழ்நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கண்தான் விசேஷம்: டார்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். மங்கலான வெளிச்சத்தில் அதற்குக் கண் நன்றாகத் தெரியும், இரைமீனுக்குத் தெரியாது. அதனால் பகல் வெயிலில் ஆழத்தில் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பாறை மேட்டுக்கு ஏறி வந்து வேட்டையாடும். சதையில் நம்ம கெண்டை மாதிரி பொடிமுள் தொல்லை இல்லை. அத்தை வறுத்தால் குழந்தைக்குப் பயமில்லாமல் ஊட்டலாம்.

இப்போது தக்கைக்கு வருகிறேன். நீங்கள் சோளத்தட்டையை ஒரு விரல் நீளம் உடைத்துத் தூண்டில் நரம்பில் கட்டுவீர்கள், வேலை முடிந்தது. நம்ம ஏரிக்கரையில் இடுப்பளவு தண்ணீர், அதற்கு அது போதும். இங்கே மில் லாக்ஸ் என்று ஒரு ஏரி, பரப்பு 1,32,000 ஏக்கருக்கு மேல். பாறை மேட்டிலேயே பத்தடி, பன்னிரண்டடி ஆழம் இருக்கும். தக்கையை அவ்வளவு மேலே கட்டினால் பன்னிரண்டடி நரம்பு குச்சி நுனியில் தொங்கும், எப்படி வீசுவது? தக்கையே வேண்டாமென்று ஈயத்தைத் தரையில் விட்டால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

அதற்குத்தான் நழுவு தக்கை. நடுவில் துளை, நரம்பு அதற்குள் தாராளமாக ஓடும். மேலே நூலால் ஒரு குட்டி முடிச்சு, அதன்கீழ் ஒரு பாசிமணி, பிறகு தக்கை, ஈயக்குண்டு, கடைசியில் தூண்டில் முள். முடிச்சு சின்னது என்பதால் ரீலுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். வீசும்போது தக்கை கீழே ஈயத்தோடு ஒட்டியிருக்கும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை உருவிக்கொண்டு இறங்கும், முடிச்சு வந்து மணியில் தட்டும், அந்த ஆழத்தில் இரை நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் நம்ம தேசிநாதர் கோயிலில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வேன்.

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கத் தக்கை. திருவிழா வளையல் கடை தோற்றது. குண்டு, ஒல்லி, பால்சா மரம், பிளாஸ்டிக், ராத்திரிக்கு பேட்டரி விளக்கு வைத்தது வேறே. தண்ணீருக்குள் போகிற அடிப்பாகத்துக்குப் பூவேலை செய்து விலையை ஏற்றியிருக்கிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியது நுனி மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட வந்தார், அதிகம் பேசாத மனுஷர். ஒவ்வொன்றாக எடுத்துத் துளைக்குள் நகத்தை விட்டுத் தடவிப் பார்த்தார். பித்தளை வளையம் போட்ட துளையாக இருந்தால் கூடைக்கு, சொரசொரப்பாக இருந்தால் திரும்ப ஆணிக்கு. நரம்பு தடங்கினால் இரை பாதி வழியில் தொங்கிவிடும் என்று அவர் கணக்கு.

ஒல்லித் தக்கைதான் நல்லது. மீன் இழுக்கும்போது கனம் தெரிந்தால் இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும். நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவு ஈயம் சேர்த்துவிட்டால் மெல்ல உறிஞ்சினாலே தக்கை அமுங்கும். ஆனால் இந்த மீன் காற்றடித்து அலை புரளும்போதுதான் நன்றாகக் கடிக்கும், அந்த அலையில் ஒல்லித் தக்கை கண்ணுக்கே தெரியாது. அதற்கு வயிறு பருத்தது ஒன்று. ஆக இரண்டு ரகம் போதும், மீதிச் சுவர் பார்த்து ரசிப்பதற்கு.

ஆழம் பார்க்கிற வித்தை உங்களுக்குப் பிடிக்கும். முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி விடவேண்டும். தக்கை பக்கவாட்டில் படுத்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது, முடிச்சைக் கீழே இறக்கு. தக்கை முழுகினால் ஈயம் தரையைத் தொடவில்லை, முடிச்சை மேலே ஏற்று. தரைக்கு ஒரு அடி மேலே இரை நிற்கும்படி முடிச்சை வைத்துவிட்டு ஈயத்தைக் கழற்றிவிடலாம்.

இரை என்ன தெரியுமா? அட்டை. வால்பாறையில் காலில் ஏறினால் உப்பைப் போட்டு உதறுவோமே, அதற்குச் சொந்தக்காரன். இது மனித ரத்தத்துக்கு ஆசைப்படாத ஜாதி. டஜன் கணக்கில் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். பின்பக்கத்து உறிஞ்சியில் முள்ளைக் குத்திவிட்டால் தண்ணீரில் ரிப்பன் மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து அந்த டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ், கார் ஷெட்டில்.

டிசம்பரில் வரும்போது உங்களுக்கு ரெண்டு தக்கை எடுத்து வருகிறேன். மூங்கில் குச்சிக்குச் சரிவராது, ரீல் வேண்டும், அதையும் கொண்டு வருகிறேன். அட்டை மட்டும் கேட்காதீர்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மீன் குழம்புக்கு அத்தை அரைக்கிற மிளகாய்த்தூள் ஒரு கிலோ தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை