ரசீது யார் கையில?

வாடா பேராண்டி, வா. மெட்ராஸ்ல சினிமாவுக்குக் கதை எழுதுறியாமே, அதுவும் 'டார்க் காமெடி'யாமே, உங்கம்மா சொன்னா. "தாத்தாவுக்கு அதெல்லாம் புரியாது"ன்னு நீ சொன்னதையும் சேத்தே சொன்னா. நியாயம்தான். பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சிரிக்கிற வித்தையை நீ இங்கிலீசுப் படம் பாத்துக் கத்துக்கிட்டு வந்திருக்க. நாங்க பாவம், கருமாதிக்குக் கருமாதி கூத்து வச்சே காலத்தை ஓட்டின ஜென்மங்க.

நம்ம தென்னாற்காட்டுச் சீமையில பெரிய சாவு விழுந்தா, காரியத்தன்னைக்கு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைக்கிறது உண்டு, தெரியுமில்ல? விடியக்காலம் கர்ணன் களத்துல விழணும். அதுக்குள்ள அவன் பொண்டாட்டி பொன்னுருவி ஒரு பக்கம் கதறுவா, இன்னொரு பக்கம் கூத்துக் கோமாளி கட்டியங்காரன் நிப்பான். அவனுக்கு ராசாவும் ஒண்ணுதான், செத்தவனோட பங்காளியும் ஒண்ணுதான். கர்ணன் எம்மாம்பெரிய வள்ளல்னு பாட்டு முடியறதுக்குள்ள, "அப்ப நமக்கு ஒரு டீத்தண்ணி சொல்லப்படாதா"ங்கிற மாதிரி ஒண்ணை எடுத்து விடுவான். தாலி எறங்கின வீட்டு வாசல்ல பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. அடுத்த நிமிசம் அதே முந்தானையில கண்ணைத் துடைப்பாங்க. எவரும் அவனை அடக்கமில்லாத பயன்னு ஏசி நான் கேட்டதில்ல. அதனால சரக்கு புதுசுன்னு மட்டும் ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியாத.

உன் கதையை உன் தங்கச்சி படிச்சுக் காட்டினா. மொத பக்கத்துல நாலு பேரு சாவுறான். ரெண்டாம் பக்கத்துல ஏழு கெட்ட வார்த்தை. மூணாம் பக்கத்துல ஒருத்தன் துப்பாக்கியை மெதுவாத் தூக்குறான், பின்னால பழைய இளையராசா பாட்டு. எங்கடா சிரிக்கிறதுன்னு கேட்டா, "அதான் தாத்தா டார்க்"ங்கிற. ராத்திரி மந்தாரக்குப்பத்துல கரண்டு போனாக்கூடத்தான் டார்க்கு. அதுக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?

சிரிப்பு எங்க இருந்து வருதுன்னு சொல்றேன் கேளு. 2008-ல 'கண்ணும் கண்ணும்'னு ஒரு படம். படத்தோட கதை யாருக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, அதுல வடிவேலு கிணத்தைக் காணோம்னு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனது தமிழ்நாட்டுக்கே ஞாபகம் இருக்கு. அவர் வேடிக்கை பண்ண வந்தவரா வரலை, சொத்தைப் பறிகுடுத்தவரா வர்றாரு. கையில ரசீது இருக்கு. கிணறு வெட்டியாச்சுன்னு காகிதம் சாட்சி சொல்லுது, நிலத்துல கிணறு இல்ல. அப்ப எவனோ திருடித்தானே இருக்கணும்? போலீஸ்காரரு எப்படி மறுப்பாரு? காகிதம் பொய்னு சொன்னா கையெழுத்துப் போட்ட ஆபீசரும் பொய்யாயிடுவாரு. காகிதம் நெசம்னா கிணறு களவு போனதும் நெசம். ரெண்டு பக்கமும் அடைபட்டு முழிக்கிறாரு பாரு, அங்கதான் நமக்கு வயிறு வலிக்குது.

அந்தக் காட்சியை நெய்வேலி சுத்துப்பட்டுல போட்டுக் காட்டினா, பெருசுங்க கொஞ்சம் தாமசமாத்தான் சிரிக்கும். இந்த ஊரே கிணத்துல பொறந்த ஊரு. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியாரு தன் நிலத்துல தண்ணிக்குத் தோண்டப் போக, கறுப்பா என்னமோ வந்துது. தண்ணி கேட்டவருக்குக் கரி கெடச்சுது. 1956-ல சுரங்கக் கம்பெனி வந்துது, 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சாரு, அறுபதுகள்ல கரியும் கரண்டும் வந்துது. அந்தக் கரிக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது. ராவும் பகலும் மோட்டார் போட்டு எறைக்கலைன்னா சுரங்கத்துத் தரையைப் பொத்துக்கிட்டு மேல வந்துடும். எறைச்சாலோ, கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு, போரை இன்னும் எறக்கணும்னு பக்கத்து ஊர்ச் சனம் மனு எழுதும். தண்ணிக்குக் கிணறு தோண்டப் போய் உண்டான ஊருல, கிணத்துல தண்ணியைக் காணோம்னு மனு. வடிவேலு கத்துனது காமெடின்னு நீ சொல்ற, இங்க அது கலெக்டர் ஆபீஸ் தபால்ல இருக்குது.

இன்னும் கேளு. 2002 அக்டோபர் 12-ந் தேதி பாரதிராசா தலைமையில சினிமாக்காரங்க திரண்டு நெய்வேலிக்கு வந்தாங்க. காவேரித் தண்ணி விடாத கர்நாடகாவுக்கு நெய்வேலி கரண்டு எதுக்குன்னு போராட்டம். கோரிக்கை நியாயமா இல்லையான்னு நான் பேச வரலை. தண்ணி கேட்டு அத்தனை பேரும் தொண்டை வறளக் கோசம் போட்ட ஊருல, அதே நேரத்துல சுரங்கத்துத் தண்ணியை மோட்டார் வச்சு எறைச்சு வெளிய கொட்டிக்கிட்டிருந்தாங்க பாரு, அதைச் சொல்றேன். ரஜினி மறுநாள் மெட்ராஸ்ல தனியா உண்ணாவிரதம் உக்காந்தாரு. அதோட போச்சு, சனத்துக்குக் காவேரி மறந்துது, யாரு வந்தா யாரு வரலைங்கிற கணக்குதான் டீக்கடையில ஓடுச்சு.

2020 பிப்ரவரியில சுரங்கத்துல 'மாஸ்டர்' படப்பிடிப்பு. நடுவுல வருமான வரிக்காரங்க வந்து விஜயை மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. விசாரணை முடிஞ்சு அவரு திரும்பி வந்தா, சுரங்கத்துல எப்படிப் படப்பிடிப்புக்கு விடலாம்னு பாஜககாரங்க வாசல்ல நிக்கிறாங்க. அவங்களை விடப் பெருங்கூட்டமா ரசிகருங்க நிக்கிறாங்க. அவரு வண்டி மேல ஏறி எல்லாரையும் சேத்து ஒரு செல்பி எடுத்தாரு. அந்த வருசம் இந்தியாவுலயே அதிகம் பேரு மறுபடி மறுபடி பகிர்ந்த ட்விட்டர் பதிவு அதுதான்னு ட்விட்டர் கம்பெனியே சொன்னுது. ஆபீசருங்க கையில கோப்பு, இவரு கையில செல்போன். விஜய் ஒண்ணும் ஏழை இல்ல, எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு சனம் அந்த செல்பியில தன்னையே பாத்துக்கிட்டுது. கோப்புக்காரனைப் பாத்து ஒருத்தன் சிரிச்சுட்டான்ல, அது போதும்.

இந்த டார்க் காமெடி வகைப் படத்துக்கு சனம் ஏன் ஓடுதுங்கிற? நம்மள்ல மனு எழுதாதவன் எவன் இருக்கான், சொல்லு. பட்டா மாத்த மனு, நஷ்ட ஈட்டுக்கு மனு, நிரந்தர வேலைக்கு மனு. மனு குடுத்தவன் ஜெயிக்கிறது எப்பவோ ஒருக்கா. மனு வாங்கினவன் முழிக்கிறதையாவது ரெண்டு மணி நேரம் பாக்கலாமேன்னுதான் கொட்டகைக்குப் போறான்.

நல்ல படத்தை எல்லாம் பிரிச்சுப் பாரு, உள்ள ஒரு காகிதம் இருக்கும். மடோன் அஸ்வின் எடுத்த 'மண்டேலா' பாத்தியா? 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னால டிவியில போட்டாங்க, வசனத்துக்குத் தேசிய விருது கூட வாங்குச்சு. ஊருக்கே முடி வெட்டுறவனா யோகி பாபு வர்றாரு, அவனுக்குச் சொந்தமா ஒரு பேரு இல்ல. தபாலாபீசுல காசு போடப் போய்த்தான் பேரும் அட்டையும் வருது. உள்ளாட்சித் தேர்தல்ல ரெண்டு சாதிக்கும் ஓட்டு சரிசமம், மிச்சம் இவன் ஓட்டு ஒண்ணு. நேத்து வரைக்கும் இவனை முன்வாசல்ல ஏத்தாதவன் இன்னைக்கு இவன் எடத்துல வந்து நிக்கிறான். வாக்காளர் அட்டை யோகி பாபு கையில இருக்கிறதாலதான் ஊர்ப் பெரியவனுங்க கோமாளி ஆவுறானுங்க. அதே அட்டை தலைவரு மவன் கையில இருந்திருந்தா அது வெறும் தேர்தல் படம்.

2013-ல நலன் குமரசாமி எடுத்த 'சூது கவ்வும்' எடுத்துக்க. கடத்தல் தொழிலுக்குச் சட்டம் வகுத்து வச்சிருக்கான் ஒரு ஏழைத் திருடன். அதிகாரத்துல இருக்கிறவன் பக்கம் போகக் கூடாதுங்கிறது அதுல ஒரு விதி. அதை மீறி மந்திரி மவனைத் தொட்டதுலதான் வம்பு. அந்தப் படத்துல சட்டத்தை மனசாரக் கும்புடுறவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் திருடன், இன்னொருத்தர் லஞ்சம் வாங்காத மந்திரி. கடைசியில நேர்மையான அப்பனை ஓரமா வச்சுட்டு, ஏமாத்துக்கார மவனுக்குப் பதவி குடுக்கிறாங்க. எங்கயும் பிரசங்கம் கெடையாது, நீயே வீட்டுக்குப் போற வழியில நெனச்சு நெனச்சுச் சிரிப்ப, அப்புறம் தூக்கம் வராது.

வடக்க 1983-ல குந்தன் ஷா 'ஜானே பீ தோ யாரோ'ன்னு ஒரு படம் எடுத்தாரு. ரெண்டு போட்டோக்காரப் பசங்ககிட்ட ஒரு கொலைக்கான ஆதாரம் இருக்கு, பொணமே இருக்கு. அந்தப் பொணத்தை இழுத்துக்கிட்டு ஓடி, மகாபாரத நாடக மேடையில திரௌபதி வேசத்துல கொண்டு போய் நிறுத்துறாங்க. துகிலுரியற நேரத்துல மேடையே அல்லோலகல்லோலம். நம்ம திரௌபதி அம்மன் கூத்துல எத்தனையோ துகில் பாத்த எனக்கே அதுல மூச்சு முட்டிச்சு. ஆனா முடிவைப் பாரு. பெரிய மனுசனுங்க எல்லாம் பேசி ஒண்ணாயிடுறானுங்க. ஆதாரம் வச்சிருந்த பசங்க ரெண்டு பேரும் கைதிச் சட்டையில நடந்து வர்றாங்க. ஆதாரம் கைமாறின அந்த நிமிசமே சிரிப்பு செத்துப் போச்சு. குந்தன் ஷாவுக்கு அது தெரிஞ்சிருக்கு, வேணும்னேதான் அங்க நம்மளைச் சிரிக்க விடாம நிறுத்தியிருக்காரு.

இப்ப நான் சொல்ல வர்ற எடத்துக்கு வந்துட்டோம். 2023 சூலையில நம்ம பக்கத்து வளையமாதேவியில சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட எந்திரம் எறங்குச்சு, நெல்லு நின்ன வயல்ல. சுரங்கக் கம்பெனி காகிதத்துல அது பல வருசம் முன்னாலயே கையகப்படுத்தின நிலம். கண்ணுக்கு முன்னால நின்னது பச்சைப் பயிரு. வழக்கு உயர் நீதிமன்றம் போனப்ப, அதைப் பாத்துக் கண்ணீர் வந்துதுன்னு நீதிபதியே வாய் விட்டுச் சொன்னாரு. கொஞ்சம் யோசி. வடிவேலு கதையில காகிதத்துல கிணறு இருக்கு, தரையில இல்ல. இங்க காகிதத்துல வயல் இல்ல, தரையில இருக்கு. ரெண்டுலயும் கோணல் ஒண்ணுதான். ஒண்ணுக்குச் சிரிப்பு வருது, இன்னொண்ணுக்கு ஏன் வரலை?

ரசீது யாரு கையில இருக்குன்னு பாரு. இளைச்சவன் கையில இருந்தா, அவன் அதை நீட்ட நீட்ட ஆபீசருக்கு வேர்க்குது, நாம சிரிக்கிறோம். வலுத்தவன் கையில இருந்தா, அவன் அதை நீட்டினதும் இளைச்சவன் வயல்ல எந்திரம் எறங்குது. அங்க சிரிக்கிறவன் ஒண்ணு காண்ட்ராக்டரா இருக்கணும், இல்ல மூளை கெட்டவனா இருக்கணும். ரத்தம் எம்மாம், பொணம் எத்தனைங்கிறது உன் கணக்கு. எனக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அவசரப்படாத, இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம சுரங்கத்துல ஒரு டன் கரிக்கு அஞ்சாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப் போடணும். செருமன்காரன் எந்திரமே ஆனாலும் மண்ணை அள்ளாமக் கரியைத் தொட முடியாது. உன் கதை அப்படித்தான் வரணும். ஒரு சிரிப்புக்கு அஞ்சாறு சீன் மண்ணு தள்ளு: இந்த ஆளு யாரு, என்ன வேலை, எந்த ஆபீசுக்கு எத்தனை தரம் நடந்தான், எந்த விதியை அவன் கோயில் சாமியா நம்புறான். நீயோ மொத சீன்லயே கரி கேக்குற. அந்த ஏழு கெட்ட வார்த்தையில ஆறை எடுத்துடு, ஒண்ணை வச்சுக்க. மனு மூணாந்தரம் திரும்பி வர்றப்ப அவன் வாயில இருந்து அது தானா விழட்டும், கொட்டகை எந்திரிச்சு நிக்கும். செத்தவனைக் கேலி பண்ணாத, சாவுக்கு சர்டிபிகேட் கேக்கிறவனைப் பண்ணு. உன் ஆளு ஒரு எடத்துலயும் தான் காமெடி பண்றதா நெனைக்கக் கூடாது. நீயும் அவனுக்குப் பின்னால நின்னு இளிக்கக் கூடாது.

மாரடைப்புல போன ஆபீசரு, குறுக்க வந்த பாம்பு, கனவுல வர்ற யானை, இதையெல்லாம் போட்டா வித்தியாசமா இருக்கும்னு உன் கூட்டாளி சொல்லுவான். போடறதுன்னா போடு. ஆனா எதுவும் புரியாம இருந்தா அதுதான் ஒசந்த காமெடின்னு நெனைச்சுக்காத. கிணறு களவு போறது புரியாத விசயமாடா? எல்லாருக்கும் புரிஞ்சுது, அதனாலதான் பதினஞ்சு வருசம் தாண்டியும் சனம் அதைச் சொல்லிச் சிரிக்குது.

முடிவா ஒண்ணு. காகிதம் மனு குடுத்தவன் கையில இருந்தா அதைப் படமா எடு, மொத டிக்கெட் நான் வாங்குறேன். மனு வாங்கினவன் கையில இருந்தா அதை சினிமாக் கம்பெனிக்குக் கொண்டு போகாத, நல்ல வக்கீலாப் பாத்துக் கொண்டு போ.