மொட்டை மாடியில் 7 மெகாஹெர்ட்ஸ்

மௌனத்துக்குப் பேர் போன இடத்தில், பேசுவதற்கென்றே அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி வைத்திருப்பவன் நான். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்த மாடியைப் பார்த்தாலும் யாராவது கண்ணை மூடிக்கொண்டு ‘நான் யார்’ என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. மத்திய அரசே பரீட்சை வைத்து, வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்றைக் கொடுத்து, நான் யார் என்பதைத் தீர்த்துவிட்டது. வீட்டில் மட்டும் அதற்கு அங்கீகாரம் கிடையாது. அங்கே நான் ‘ஏங்க’.

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் காலையில் கூடிப் பேசும் ‘நெட்’டில் ஒருநாள், பேண்ட் பிளான் பற்றி நம் பக்கத்து ஹாம்களின் கருத்தைத் தொகுக்க ஒரு தன்னார்வலர் வேண்டும் என்றார்கள். அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த அலைவரிசை கப்சிப். நான் மைக் பொத்தானை அழுத்தினேன்.

“டேங்க் நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தத் தெரியல. ஆகாயத்துக்குப் பிளான் போடறாராம்!” என்று கீழேயிருந்து வந்த குரல் ஒலிபரப்பில் போயிருக்காது என்று நம்புகிறேன்.

அரசாங்கம் எல்லையை மட்டும்தான் காட்டும். 40 மீட்டர் பேண்ட் என்றால் 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ். அதற்குள் யார் எங்கே உட்காருவது என்று ஹாம்களே பேசி வைத்துக்கொள்வதுதான் பேண்ட் பிளான். அடியில் மோர்ஸ் தட்டுகிறவர்கள், மேலே பேசுகிறவர்கள், நடுவில் கணினிக்காரர்கள். 1925-இல் பாரிஸில் பிறந்த சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் கணக்கில் நாம் ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு மூன்றாம் மண்டலம். ஜப்பான்காரரும் நாமும் ஒரே ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாவிட்டால் அபராதமும் கிடையாது. இதில் 7,100-க்கு மேலே உள்ள பாதி, நம் பக்கத்தில் பெரிய வானொலி நிலையங்களின் கையில் இருந்தது. அவர்கள் காலி செய்ய வேண்டும் என்று 2003 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் முடிவானது. கெடு 2009 மார்ச் கடைசி. எங்கள் தெருவில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் இதைச் சொன்னேன். ஆறே வருஷமா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

கருத்துகள் வந்து குவிந்தன. பேச்சுக்காரர்கள் இறங்கி இறங்கி வருகிறார்கள் என்று மோர்ஸ்காரர்கள். மோர்ஸ் இடத்தில் ஈ ஓட்டுகிறார்கள் என்று பேச்சுக்காரர்கள். இரு தரப்பும் ஒன்றுபட்டது 7,074-ஐத் திட்டுவதில்தான். அங்கே எஃப்.டி.8 என்ற முறை ஓடுகிறது. நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் தம் சகாவோடு 2017-இல் கொண்டுவந்தது. 15 விநாடிக்கு ஒரு தரம் கணினிகளே தங்களுக்குள் அழைப்புக்குறியையும் சிக்னல் பலத்தையும் பரிமாறிக்கொள்ளும். ஆள் வாயைத் திறக்கவே வேண்டாம். ரமணாசிரமப் பகுதிக்கு அம்சமான முறை. என் சுபாவத்துக்குத்தான் ஒத்துவரவில்லை.

ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: “144 மெகாஹெர்ட்ஸில் அடிப்பகுதி சும்மாதானே கிடக்கு, நாம பேசினா என்ன?” அவருக்குக் கிரிவலத்தைச் சொன்னேன். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டரும் ஜனம் இடப்பக்கமாகவே நடக்கும். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்கள் நடப்பதற்கு விட்டது என்பது ஐதீகம். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அங்கே பஜ்ஜிக் கடை போடலாமா? (போடுகிறார்கள், அது வேறு விஷயம்.) 144-இன் அடியில், நிலாவில் பட்டுத் திரும்பும் சிக்னலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். போய்வர இரண்டரை விநாடி. வந்து சேரும்போது அதில் உயிரே இருக்காது. அந்த நேரம் பார்த்து நாம் “டிபன் ஆச்சா சார்” என்றால் தீர்ந்தது. 145.8-க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கு. 2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஹாம்சாட், 2014 வரை அங்கேதான் பேசியது. எனக்கு வடக்கே 2,668 அடிக்கு அண்ணாமலையார் நிற்கிறார். ஹாம்சாட் அவர் தலைக்கு மேலே வந்தபோதுதான் வடக்கத்திக் குரல் காதில் விழுந்தது. அந்த இடத்தை யாராவது கேட்டால் நான் விடுவதாயில்லை.

இத்தனை நிர்வாகமும் மொட்டை மாடியில்தான். ஆன்டெனாவுக்கு அங்கே அனுமதி கிடைத்தது அறிவியல் வளர்ச்சிக்காக அல்ல, கோடையில் காயும் வடாத்துக்குக் காவலாக. காதில் ஹெட்போன், கையில் கம்பு. நியூசிலாந்து லேசாகக் கேட்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு குரங்கு மூங்கில் உச்சிக்கு ஏறி, 65 அடிக் கம்பியை ஒரு ஆட்டு ஆட்டும். ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் துள்ளும். நான் முள்ளைப் பார்ப்பேன். அதன் சம்சாரம் வடாத்தைப் பார்க்கும்.

“உங்க சங்கத்துல இதுக்கெல்லாம் பிளான் இல்லையா?” என்றாள் என் மனைவி, காலித் துணியை உதறி.

பெருமையாக 14.100 மெகாஹெர்ட்ஸை விளக்கினேன். உலகம் முழுக்க அடையாள சிக்னல் மட்டும் அனுப்பும் 18 பீக்கன் நிலையங்கள், பட்டியலில் கொழும்புகூட உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஆளுக்கு 10 விநாடி. தன் முறை முடிந்ததும் அங்கே வாயை மூடிக்கொண்டு, சுற்று திரும்பி வர 3 நிமிஷம் காத்திருக்கும்.

அவள் இவ்வளவு கவனமாக நான் சொல்வதைக் கேட்டதே இல்லை.

“நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு” என்றாள். “நாளையிலேர்ந்து நீங்களும் 10 விநாடி பேசுங்க. மீதி நேரம் குரங்கைப் பாருங்க.”